கிளாஸ் க்வெஸ்ட்டுகள் இல்லாமல் ஒரு கதாபாத்திரத்துக்கு அடையாளம் வருமா?

கேள்வி: ஆன்லைன் ஆர்பிஜி (பாத்திரமேற்று ஆடும்) ஆட்டங்களில் ஒவ்வொரு கிளாஸுக்கும் (வீரர் வகைக்கும்) தனியாக க்வெஸ்ட் (ஆட்டம் தரும் பணி) அமைப்பது வீண் உழைப்பா? திறன்களும் ஆயுதங்களும் வேறுபட்டாலே போதாதா?

பதில்:

போதாது. திறன்கள் வேறுபட்டால் சண்டையில் அழுத்தும் பொத்தான்கள் வேறுபடும். அந்த உலகம் என்னை யாராகப் பார்க்கிறது என்பது அதனால் மாறிவிடாது. குணப்படுத்தும் ப்ரீஸ்ட்டாகப் போனாலும் சண்டை போடும் வாரியராகப் போனாலும் ஊர்த்தலைவர் அதே ஓநாய்களைக் கொன்றுவரச் சொல்கிறார், அதே வார்த்தைகளில் நன்றி சொல்கிறார். அப்படிப்பட்ட ஓர் உலகத்தில் கிளாஸ் என்பது நான் அணிந்திருக்கும் உடையோடு நின்றுவிடுகிறது.

நல்ல கிளாஸ் க்வெஸ்ட் எது என்று கேட்டால் நான் முதலில் சொல்வது, பழைய வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்டில் ப்ரீஸ்ட்டுகளுக்கு இருந்த பெனடிக்‌ஷன் தடி க்வெஸ்ட். லெவல் 60இல், மோல்ட்டன் கோர் ரெய்டில் (நாற்பது பேர் சேர்ந்து ஆடும் பெரும் சண்டையில்) கிடைக்கும் ஒரு மந்திரக் கண்ணை அணிந்துகொண்டு ஈஸ்டர்ன் ப்ளேக்லேண்ட்ஸுக்குப் போனால், மற்றவர்களுக்குத் தெரியாத ஓர் ஆவி ப்ரீஸ்ட்டின் கண்ணுக்கு மட்டும் தெரியும். அது தரும் வேலை எளிமையாகத்தான் தோன்றும். ஸ்ட்ராத்தோம் நகரிலிருந்து தப்பி ஓடிவரும் குடியானவர்களைக் காப்பாற்ற வேண்டும். 50 பேர் கரை சேர வேண்டும். அதற்குள் 15 பேர் செத்துவிட்டால் தோல்வி. மேட்டிலிருந்து எலும்புக்கூட்டு வில்லாளிகள் அவர்கள் மீது அம்பு எய்துகொண்டே இருப்பார்கள். சிலருக்குக் கொள்ளைநோய் தொற்றியிருக்கும். யார் சாகப்போகிறார், யாருக்கு இன்னும் இரண்டு நொடி அவகாசம் இருக்கிறது, யாருக்கு முதலில் நோயை நீக்க வேண்டும் என்று பார்த்துக்கொண்டே ஒருவர் மாற்றி ஒருவராகக் குணப்படுத்த வேண்டும். மானா (மந்திரத்துக்கான சக்தி) தீர்ந்துகொண்டே வரும். நண்பர்களை அழைத்துவந்து முடித்துவிடலாம் என்றால் அதுவும் நடக்காது. வெளியார் தலையிட்டால் ஆட்டமே அதைத் தண்டிக்கும்.

அந்த வில்லாளிகளைக் கொன்றுவிட வேண்டும் என்று கை துடிக்கும். அங்கேதான் இந்த க்வெஸ்ட் தன் வேலையைக் காட்டுகிறது. சண்டை போடும் ஆசையில் இரண்டு நொடி திரும்பினால், அந்த இரண்டு நொடியில் கீழே இருவர் விழுந்திருப்பார்கள். ஒரு ப்ரீஸ்ட் எதைச் செய்யாமல் இருக்க வேண்டும் என்பதை எந்த வசனமும் இல்லாமல் இந்த க்வெஸ்ட் சொல்லிக்கொடுக்கிறது. ரெய்டில் நாற்பது பேரில் ஒருவராக நின்று குணப்படுத்தும்போது, நான் இல்லாவிட்டாலும் இது நடந்திருக்கும் என்ற எண்ணம் எப்போதும் உள்ளூர இருக்கும். இங்கே அந்த எண்ணத்துக்கு இடமே இல்லை. இதை முடித்த பிறகு என் கதாபாத்திரத்தை நான் பார்த்த பார்வையே மாறியது என்பதை எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்வேன்.

அதே ரெய்டில், அந்தக் கண் கிடைத்த அதே பெட்டியிலிருந்து, வேட்டைக்கார கிளாஸான ஹன்டருக்கு ஒரு கல்லான இலை கிடைக்கும். ரோக்டெலார் வில்லுக்கான வழி அதில் தொடங்குகிறது. வெவ்வேறு நிலப்பகுதிகளில் மனித வேடத்தில் உலவும் நான்கு பேய்களைக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றையும் தனியாக வீழ்த்த வேண்டும். வேறு யாராவது ஓர் அடி அடித்துவிட்டால் அந்தப் பேய் மறைந்துவிடும். நேருக்கு நேர் நின்றால் ஹன்டர் பிழைக்க முடியாது. பின்வாங்கி ஓடிக்கொண்டே, தூரத்தைக் குறையவிடாமல், திரும்பித் திரும்பி அம்பு விட வேண்டும். ஆட்டக்காரர்கள் கைட்டிங் என்று சொல்வது இதைத்தான். ஒவ்வொரு பேயும் இந்தக் கலையின் வேறொரு பகுதியைச் சோதிக்கும். அந்த வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கும் ஹன்டரைப் பார்த்தால், இவருக்குத் தன் வேலை தெரியும் என்று மற்றவர்கள் நம்பலாம். அடையாளம் என்பதில் பாதி நமக்குள் இருக்கிறது. மீதிப் பாதி மற்றவர்கள் நம்மை எப்படி அடையாளம் காண்கிறார்கள் என்பதில் இருக்கிறது. தனி ஆளாக ஆடும் ஆட்டங்களில் இந்த இரண்டாவது பாதிக்கு வாய்ப்பே இல்லை.

இந்த இரண்டையும் வைத்து நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். க்வெஸ்ட்டிலிருந்து கிளாஸின் பெயரை எடுத்துவிட்டு வேறொரு கிளாஸின் பெயரைப் போட்டுப் பாருங்கள். ஒன்றும் கெடவில்லை என்றால் அது கிளாஸ் க்வெஸ்ட்டே இல்லை. "ஓ மாவீரரே" என்பதற்குப் பதிலாக "ஓ மந்திரவாதியே" என்று விளித்துவிட்டு, அதே குகைக்குள் அதே சிலந்திகளைக் கொல்ல அனுப்பும் க்வெஸ்ட்டுகள் ஏராளம். அவற்றுக்குச் செலவிட்ட உழைப்பை வீண் என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்கமாட்டேன்.

இந்தச் சோதனையில் மிக அழகாகத் தேறும் ஒன்று 2002இல் ஜப்பானில் வெளியான ஃபைனல் ஃபேன்டஸி லெவனில் இருக்கிறது. லெவல் 70இல் உச்சவரம்பைத் தாண்ட வேண்டுமானால் மாட் என்ற கிழவரோடு தனியாக மோத வேண்டும். எந்த ஜாபில் (அந்த ஆட்டத்தில் கிளாஸுக்குப் பெயர் அது) போகிறீர்களோ அந்த ஜாபில்தான் அவரும் உங்களைச் சோதிப்பார். தீஃப் ஜாபில் போனவருக்கு அங்கே ஒரு வழி உண்டு: சண்டையின் நடுவில் அவரிடமிருந்து வெற்றிகரமாகத் திருடிவிட்டாலே வெற்றி. அடித்து வீழ்த்த வேண்டியதில்லை. திருடன் திருடனாக ஜெயிக்கலாம் என்று யோசித்த அந்த வடிவமைப்பாளர் யாராக இருந்தாலும் அவருக்கு என் வணக்கம்.

சிறிய லெவல்களில் வரும் க்வெஸ்ட்டுகளையும் இதில் சேர்க்க வேண்டும். பழைய வார்கிராஃப்ட்டில் பேய்களை ஏவும் வார்லாக் லெவல் 10இல் வாய்ட்வாக்கர் என்ற பேயை வரவழைக்க ஒரு க்வெஸ்ட் முடிக்க வேண்டும். ஹன்டர் அதே லெவலில் விலங்கைப் பழக்கும் வித்தையைக் கற்க வேண்டும். ஷாமனுக்கு 4, 10, 20, 30 என்ற லெவல்களில் நிலம், நெருப்பு, நீர், காற்று என ஒவ்வொரு டோட்டமும் (இயற்கைச் சக்தியைத் தரும் மந்திரத் தூணும்) ஒவ்வொரு பயணம். இவற்றில் பல க்வெஸ்ட்டுகள் அலைச்சல் மிகுந்தவை. நீர் டோட்டத்துக்காக உலகத்தின் பாதியைச் சுற்றவைத்தது அதிகம்தான். ஆனாலும் திறன் என்பது தேடிப் பெற்ற ஒன்றாக இருந்தது. 2010இல் கேட்டக்ளிசம் விரிவாக்கம் வந்தபோது இவற்றில் பெரும்பாலானவை நீக்கப்பட்டன. அந்தத் திறன்களுக்கு அதன்பிறகு க்வெஸ்ட் தேவைப்படவில்லை. வசதிதான். எந்தத் திறன் எப்போது வந்தது என்று கேட்டால் இன்று யாருக்கும் நினைவிருக்காது; தன் வாய்ட்வாக்கரை எங்கே வரவழைத்தோம் என்பதைப் பழைய வார்லாக்குகள் எவரும் மறக்கவில்லை. 2019இல் கிளாசிக் பதிப்பு வந்தபோது பலர் திரும்பிப் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

வார்லாக்குகளைப் பற்றி இன்னொன்று. 2013இல் அவர்களுக்கென்று பச்சை நெருப்பு க்வெஸ்ட் ஒன்று வந்தது. பரிசு, மந்திரங்களின் நெருப்பு பச்சை நிறத்துக்கு மாறுவது. சேதத்தின் அளவு இம்மியும் கூடாது. ஆனால் இறுதிச் சண்டை கடினமானது, தனியாகவே ஆட வேண்டியது. எதிரி வரவழைக்கும் பிட் லார்டு என்ற பெரும் பேயை, வழக்கமாக யாரும் தொடாத 'என்ஸ்லேவ் டீமன்' மந்திரத்தால் அடிமைப்படுத்தி, அதையே எதிரிக்கு எதிராகத் திருப்ப வேண்டும். பேய்களை அடக்கி ஆள்பவன் என்ற அடையாளம் அந்த ஒரு தருணத்தில் முழுமையாகச் செயலுக்கு வருகிறது. வெறும் நிறத்துக்காக மக்கள் இவ்வளவு பாடுபட்டார்கள் என்பதே, அடையாளத்துக்கு என்ன மதிப்பு என்று காட்டவில்லையா?

இதுவரை சொன்னவை கைவேலையைச் சோதிப்பவை. கதையால் அடையாளம் தருபவை வேறு வகை. அதில் ஃபைனல் ஃபேன்டஸி ஃபோர்ட்டீனின் டார்க் நைட் கதைக்கு ஈடாக நான் எதையும் ஆடியதில்லை. (கதையின் திருப்பத்தை அடுத்த சில வரிகளில் சொல்லப்போகிறேன், ஆட நினைப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) 2015இல் வந்த இந்த ஜாப் லெவல் 30இல் தொடங்குகிறது. இறந்து கிடக்கும் ஒரு வீரனின் ஆன்மக்கல்லைத் தொட்டதும் ஃப்ரே என்பவர் எழுந்து உங்களுக்கு ஆசானாகிறார். ஊரில் எல்லோரும் உன்னை ஏவுகிறார்கள், உன் களைப்பை யாராவது கேட்டார்களா என்று அவர் மீண்டும் மீண்டும் கேட்கிறார். லெவல் 50இல் உண்மை தெரிகிறது: ஃப்ரேயாகப் பேசியது உங்களுக்குள் அடக்கிவைத்திருந்த கோபம். எல்லோருக்கும் ஓடியோடி உதவும் நாயகன் என்பது இந்த வகை ஆட்டங்களின் தேய்ந்துபோன வழக்கம். அந்த வழக்கத்தையே எடுத்து ஒரு ஜாபின் உள்ளமாக ஆக்கிவிட்டார்கள். முதன்மைக் கதையில் அதன்பிறகு யாராவது உதவி கேட்கும்போதெல்லாம் டார்க் நைட்டாக ஆடுபவருக்கு அந்தக் குரல் காதில் ஒலிக்கும்.

ஸ்டார் வார்ஸ்: தி ஓல்டு ரிபப்ளிக் 2011 டிசம்பரில் வந்தபோது எட்டு கிளாஸ்களுக்கும் எட்டு முழுநீளக் கதைகள் வைத்திருந்தார்கள். நாயகப் பாத்திரத்துக்கு ஆண், பெண் இருவகைக் குரலும் பதிவு செய்தார்கள். அவற்றில் இம்பீரியல் ஏஜென்ட்டின் கதை இன்றுவரை பேசப்படுகிறது. சொந்தத் தரப்பே அவர் மூளைக்குள் ஒரு கட்டளைச்சொல்லைப் பதித்துவைத்திருக்கிறது என்பது தெரியவரும் கட்டம், உளவாளிக்கு மட்டுமே எழுதக்கூடியது. ஜெடை வீரருக்கு அதை எழுதினால் ஒட்டாது.

ஆனால் நீங்கள் கேட்ட செலவுப் பிரச்சினை இங்கேதான் முழு உருவத்தோடு நிற்கிறது. எட்டுக் கதைகள் எழுதினால் ஓர் ஆட்டக்காரர் பெரும்பாலும் ஒன்றிரண்டைத்தான் பார்ப்பார். விரிவாக்கம் ஒவ்வொன்றுக்கும் இதை எட்டு மடங்காகச் செய்ய யாராலும் முடியாது. 2015இல் வந்த நைட்ஸ் ஆஃப் தி ஃபாலன் எம்பயர் எல்லா கிளாஸுக்கும் ஒரே கதையோடு வந்தது. ஃபைனல் ஃபேன்டஸி ஃபோர்ட்டீனும் 2019இல் அந்த வழிக்கு வந்தது. சண்டை ஜாப்கள் பதினேழாகப் பெருகிவிட்ட நிலையில், ஒவ்வொன்றுக்கும் தனிக் கதை என்பதை விட்டு, டேங்க் (அடி வாங்கி மற்றவர்களைக் காப்பவர்), ஹீலர் (குணப்படுத்துபவர்), உடல்வலிமைத் தாக்குதல், மந்திரத் தாக்குதல் என நான்கு வகைகளுக்கு நான்கு கதைகள் என்று சுருக்கினார்கள். காரணம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் டார்க் நைட்டும் பாலடினும் ஒரே கதையைப் பகிரும்போது இருவரும் வெறும் டேங்க்காகிவிடுகிறார்கள்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. வார்கிராஃப்ட்டின் லீஜன் விரிவாக்கத்தில் 2017இல் வந்த மேஜ் டவர் சவால்களைப் பாருங்கள். 36 ஸ்பெக்குகளுக்கு (கிளாஸ்களின் உட்பிரிவுகளுக்கு) மொத்தம் ஏழே ஏழு களங்கள். ஹீலர்கள் எல்லோருக்கும் ஒரே களம்: கூட வரும் துணைவர்களைச் சாகவிடாமல் காப்பாற்றிச் செல்ல வேண்டும். மேடை பொதுவானது, ஆனால் ட்ரூயிட் அதை முன்கூட்டியே போட்டுவைக்கும் மந்திரங்களால் கடப்பார், பாலடின் நெருங்கி நின்று கடப்பார். செலவு ஐந்தில் ஒரு பங்காகிவிட்டது, தனித்தன்மை பெரிதாகக் குறையவில்லை. கதைக்குச் செலவிட முடியாத நிறுவனங்கள் இந்தத் திசையில் யோசிக்கலாம். எட்டுக் கதை எழுத வேண்டாம். ஒரு களத்தை அமைத்து, அதில் உங்கள் கிளாஸின் கைவேலை மட்டுமே செல்லுபடியாகும்படி செய்தால் போதும்.

ஒரு குறை மட்டும் சொல்லியாக வேண்டும். பழைய க்வெஸ்ட்டுகளில் தொடக்கப் பொருளே அதிர்ஷ்டத்தில்தான் கிடைத்தது. ஹன்டரின் இலையும் ப்ரீஸ்ட்டின் கண்ணும் பெட்டியில் வர வேண்டும், கில்டில் (ஆட்டக்காரர் குழுவில்) உங்கள் முறையும் வர வேண்டும். திறமையைச் சோதிக்கும் வாசலில் தாயக்கட்டையை உருட்டச் சொல்வது நியாயமில்லை. அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டாம்.

நீங்களே ஆடிப் பார்த்து முடிவு செய்ய விரும்பினால், ஓல்டு ரிபப்ளிக்கில் இம்பீரியல் ஏஜென்ட்டை எடுங்கள். 2012 முதல் அந்த ஆட்டத்தைப் பணம் கட்டாமலே தொடங்கலாம். கிரகங்களில் கிடைக்கும் பொதுவான துணை க்வெஸ்ட்டுகளைத் தொடாமல் கிளாஸ் கதையை மட்டும் பின்தொடருங்கள். இரண்டாம் அத்தியாயம் முடிந்ததும், அதே தரப்பில் இன்னொரு கிளாஸைத் தொடங்கி அதே கிரகங்களில் இறங்கிப் பாருங்கள்.