பருவ முடிவு விழா: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: எங்களுடையது ஆண்கள் உறைவிடப் பள்ளி. ஜூனில் சொல்லிக்கொடுத்த குழுப்பாட்டை மார்ச் விழாவில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பையன்களால் பாட முடிவதில்லை. தாரஸ்தாயியில் (மேல் ஸ்வரங்களில்) குரல் பிசிறுகிறது. பாட்டையே மாற்றிவிடலாமா? – இசை ஆசிரியர், ஏற்காடு

பதில்: பாட்டு இருக்கட்டும், சுருதியை மாற்றுங்கள். இந்த வயதில் பையன்களுக்குக் குரல் உடையும்; பழைய பாய்ஸ் கம்பெனிகளில் (சிறுவர்களே நடித்த நாடகக் குழுக்களில்) மகரக்கட்டு என்று பயந்தது இதைத்தான். ஸ்திரீபார்ட் (பெண் வேடம்) போடும் பையன்களுக்கு அதோடு வேஷமே போய்விடும். குரல் கடைசியில் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி (ஸ முதல் அடுத்த ஸ வரை) இறங்கும். ஆனால் நடுவில் சில மாதங்கள் ஐந்தாறு ஸ்வரத்துக்கு மேல் நிற்காது. ஜூனில் பிரித்த குழு மார்ச்சுக்கு உதவாமல் போவது அதனால்தான்.

விழாவுக்கு மூன்று வாரம் முன்பு ஒவ்வொருவரையும் தனியாக ஸரிகம பாடவைத்துக் கேளுங்கள். பாட்டு ஸட்ஜத்திலிருந்து (ஸ) தாரஸட்ஜத்துக்குள் (மேல் ஸ) அடங்கினால், சுருதியை ஐந்து கட்டையிலிருந்து (G) ஒரு கட்டைக்கு (C) மாற்றுங்கள். குரல் இறங்கிய பெரிய பையன்கள் கீழ்ஸ்தாயியிலும், சின்னவர்கள் அதற்கு மேல்ஸ்தாயியிலும் சிரமமில்லாமல் சேர்ந்து பாடலாம். இடைப்பட்டவர்கள், பெரியவர்கள் பாடும் ஸ்தாயியின் பஞ்சமத்தை (ப) மட்டும் ‘ஆ’ என்று அகாரமாகப் பிடிக்கட்டும். ஹிந்தோளம் போலப் பஞ்சமம் இல்லாத ராகமென்றால் மத்யமம் (ம). இன்னொன்று: விளையாட்டு விழாவை முதல் நாள் வைத்துவிட்டு மறுநாள் பாடச் சொல்லாதீர்கள். ஹவுஸுக்காகக் கத்திய தொண்டையில் சுருதி சேராது.

கேள்வி: 200 மீட்டர் டிராக்கில் 4×100 ரிலே வைத்தோம். தங்களுக்குத் தூரம் அதிகம் என்று வெளி லேன்காரர்கள் வாதாடினார்கள், லேன்களுக்கிடையே 7.67 மீட்டர் விட்டிருந்தோமே? – உடற்கல்வி ஆசிரியர், கொடைக்கானல்

பதில்: அவர்கள் பக்கம்தான் நியாயம். 7.67 என்பது 1.22 மீட்டர் அகல லேனில் ஒரு சுற்றுக்கான ஸ்டாகர், அதாவது தூரம் சமமாக அடுத்த லேனின் தொடக்கத்தை முன்னால் தள்ளும் அளவு. 400 மீட்டர் டிராக்கில் இந்த ரிலே ஒரே சுற்று, உங்களுடையதில் இரண்டு. முழுக்க லேனிலேயே ஓடுவதால் லேனுக்கு லேன் 15.33 மீட்டர் வேண்டும். பேட்டன் மாற்றும் இடங்களும் நகரும்: அடுத்த லேனின் குறி முதல் மாற்றத்தில் 11.50, இரண்டாவதில் 7.67, மூன்றாவதில் 3.83 மீட்டர் முன்னால். ஒவ்வொரு குறிக்கும் 20 மீட்டர் பின்னே தொடங்கி 10 மீட்டர் முன்னே முடிவது மாற்று மண்டலம். சுண்ணாம்புக் கோடு மட்டும் போட்ட மைதானத்துக்கான கணக்கு இது. எல்லா லேனையும் உள்கோட்டிலிருந்து 20 செ.மீ. தள்ளி அளக்க வேண்டும். மண்டலத்துக்குள் இருக்கவேண்டியது பேட்டன். அது கைமாறும்போது பையனின் கால் எங்கே என்று பார்த்துத் தகுதி நீக்கம் செய்யாதீர்கள்.

கேள்வி: நாடகத்தில் ராஜாவின் மீசை பாதியில் தொங்கிவிடுகிறதே? – விடுதிக் காப்பாளர், ஊட்டி

பதில்: மேலுதட்டில் எண்ணெய்ப் பசையும் வேர்வையும் இருந்தால் ஒட்டாது. மேக்கப்புக்கு முன்பே அந்த இடத்தை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடைத்து, ஸ்பிரிட் கம்மை (மேக்கப் பசையை) மெல்லிசாகத் தடவி, விரலில் பிசுபிசுக்கும்வரை காத்திருந்து அழுத்துங்கள். ஈரமாக ஒட்டினால் வழுக்கும். மீசையை மூக்குக்குக் கீழே இரண்டாக வெட்டி ஒட்டினால் வசனம் பேசும்போது இழுக்காது. எடுக்கத் தேங்காயெண்ணெய்.