செகண்ட் ஹேண்ட் எக்ஸ்பல்ஸ், ஹிமாலயன்: வாங்குவோர் கேள்வி பதில்

ஹீரோ எக்ஸ்பல்ஸ், ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் மாதிரி, தார் ரோட்டிலும் மண் ரோட்டிலும் ஓட்ட ஒரு பழைய வண்டி வாங்க நினைப்பவர்களிடம் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். பாதிப் பேர் கேட்டது ஒரே கேள்விதான், அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

ஈரோட்டிலிருந்து: அண்ணே, இதுவரைக்கும் ஸ்ப்ளெண்டர் மட்டும்தான் ஓட்டியிருக்கேன். பழைய எக்ஸ்பல்ஸ் 200 எடுக்கட்டுமா, பழைய ஹிமாலயன் 411 எடுக்கட்டுமா?

எக்ஸ்பல்ஸ். காரணம் எடை. 2019-இல் வந்த எக்ஸ்பல்ஸ் 154 கிலோ. பிஎஸ்6 (2020-இன் புகை விதிப்படி வந்த) ஹிமாலயன் 199 கிலோ. மண்ணில் பழகும்போது வண்டி விழும். ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் அதைத் தூக்கப்போவது நீங்கள் ஒருவர்தான். மூன்றாவது தடவை தூக்கும்போது அந்த நாற்பத்தைந்து கிலோ என்னவென்று தெரியும்.

ஹிமாலயனைக் குறை சொல்லவில்லை. 32 என்எம் இழுவை, 15 லிட்டர் டேங்க், பின்னால் ஆளையும் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு நாள் முழுக்க ஓட்டலாம். எக்ஸ்பல்ஸின் 18 குதிரைச் சக்திக்கு நாலுவழிச் சாலையில் எண்பதைத் தாண்டினால் அலுப்பு வந்துவிடும். ஓட்டத்தில் முக்கால்வாசி நெடுஞ்சாலை, அதுவும் இருவராகப் போவது என்றால் ஹிமாலயன் எடுங்கள். மண் ரோடு பழகத்தான் வாங்குகிறீர்கள் என்றால் எக்ஸ்பல்ஸ்.

இன்னொன்று. கையிலிருக்கும் மொத்தப் பணத்தையும் வண்டிக்கே கொடுத்துவிடாதீர்கள். இருபதாயிரமாவது தனியாக வையுங்கள். டயர், செயின் ஸ்ப்ராக்கெட், கோன் செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்), ஒரு நல்ல பூட்ஸ் என்று முதல் மாதத்திலேயே அது கரையும்.

திருப்பூரிலிருந்து: எந்த வருஷத்து வண்டி பார்க்கலாம்? எக்ஸ்பல்ஸ் 200டி ஒன்று சல்லிசாக வருகிறது.

200டி பெயரில் மட்டும்தான் எக்ஸ்பல்ஸ். சக்கரம் இரண்டும் 17 அங்குல அலாய், தார் ரோட்டுக்கான வண்டி. உங்களுக்கு வேண்டியது முன்னால் 21, பின்னால் 18 அங்குல ஸ்போக்ஸ் சக்கரம் உள்ள 200. அதில் 2019-இல் கார்புரேட்டர், எஃப்ஐ (ஃபியூவல் இன்ஜெக்ஷன்) என இரண்டும் வந்தன. 2020-இல் பிஎஸ்6 ஆனபோது ஆயில் கூலர் சேர்ந்தது. 2021 கடைசியில் நாலு வால்வு எஞ்சின் வந்தது. பணம் இடம் கொடுத்தால் நாலு வால்வு, இல்லையென்றால் நன்றாக வைத்திருந்த எந்த எஃப்ஐ வண்டியும் சரி.

ஹிமாலயனில் 2016-இன் கார்புரேட்டர் வண்டியை முதல் வண்டியாக எடுக்க வேண்டாம். 2018-இல் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) வந்தது, ஆனால் அணைக்கும் வசதி இல்லை. சரளைக்கல் இறக்கத்தில் பின் பிரேக்கை மிதித்தால் வண்டி நிற்காமல் போய்க்கொண்டே இருப்பதுபோல் இருக்கும். 2020 பிஎஸ்6-இல் பின்பக்க ஏபிஎஸ்ஸை அணைக்க ஸ்விட்ச் உண்டு. அந்த ஸ்விட்சுக்காகவே கொஞ்சம் கூடக் கொடுக்கலாம்.

மதுரையிலிருந்து: சார், வண்டி பார்க்கப் போகும்போது எதையெல்லாம் பார்க்கணும்? தெரிந்த மெக்கானிக் யாரும் இல்லை.

போகுமுன் ஃபோனில் ஒன்று சொல்லிவிடுங்கள்: ‘நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க.’ போனதும் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏதோ ஒன்றை மறைக்கிறார் என்று சந்தேகப்படலாம். குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆகும் விதம், முதல் நிமிஷத்துச் சத்தம், சைலன்சரில் நீலப்புகை வருகிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

அப்புறம் தரையில் படுங்கள். வெட்கப்பட வேண்டாம், இந்த வகை வண்டியின் வரலாறு அடிவயிற்றில்தான் எழுதியிருக்கும். எஞ்சினுக்கு அடியில் உள்ள காப்புத் தகடான பேஷ் பிளேட்டில் கீறல் இருப்பது இயல்பு. அது உள்ளே அமுங்கி எஞ்சினைத் தொடுகிறதா, கேசிங்கில் எம்-சீல் பூசி இருக்கிறதா, ஆயில் ட்ரெயின் போல்ட்டைச் சுற்றி ஈரம் இருக்கிறதா பாருங்கள். அந்த போல்ட்டின் மரை போயிருந்தால் செலவு உண்டு.

அடுத்து ஹேண்டிலை இடப்பக்கம் முழுக்கத் திருப்புங்கள், வலப்பக்கமும் திருப்புங்கள். கழுத்துக்குக் கீழே ஃபிரேமில் முட்டி நிற்கும் இடம் ஒன்று உண்டு. அந்தச் சின்ன இரும்பு நசுங்கியோ வளைந்தோ, அல்லது அங்கே மட்டும் பெயின்ட் புதிதாகவோ இருந்தால் வண்டி பலமாக அடிபட்டிருக்கிறது. லீவரையும் இண்டிகேட்டரையும் மாற்றிவிடுவார்கள், இதை யாரும் மாற்றுவதில்லை. நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

துணைக்கு ஒருவரைக் கூட்டிப்போங்கள். அவர் வண்டியை சைடு ஸ்டாண்ட் பக்கம் சாய்த்து முன் சக்கரத்தைத் தரையைவிட்டு எழுப்பட்டும். ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ‘டக் டக்’ என்றால் கோன் செட் லூஸ். ஹேண்டிலை மெதுவாகத் திருப்பும்போது நடுவில் ஓரிடத்தில் பள்ளத்தில் விழுவதுபோல் நின்றால் கோன் செட் போய்விட்டது. சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ரிம் ஓரத்தில் ஒரு பேனாவை அசையாமல் பிடித்து வைத்தால் பெண்டு எவ்வளவு என்று தெரியும். ஸ்போக்ஸை ஸ்பானரால் தட்டிக்கொண்டே வாருங்கள். எல்லாம் கணீரென்று ஒலிக்கும்போது ஒன்று மட்டும் மொட்டையாக ஒலித்தால் அது லூஸ். ஒன்றிரண்டு என்றால் இறுக்கிக்கொள்ளலாம், வரிசையாக இருந்தால் அந்தச் சக்கரம் கவனிப்பாரற்றுக் கிடந்திருக்கிறது.

முன் ஃபோர்க்கின் பளபளக்கும் குழாயில் விரலை ஓட்டுங்கள். எண்ணெய் ஒட்டினால் சீல் போயிருக்கிறது, அது பெரிய செலவில்லை. நகம் இடறும் கீறல் இருந்தால் புது சீலும் சீக்கிரம் போகும்.

ஏர் ஃபில்டரைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஃபில்டரில் தூசி இருந்தால் அது தன் வேலையைச் செய்திருக்கிறது. ஃபில்டரைத் தாண்டி எஞ்சின் பக்கம் உள்ள பெட்டியில் தூசி இருந்தால் அந்த எஞ்சின் மண்ணைத் தின்றிருக்கிறது. அந்த வண்டியை விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

கிலோமீட்டரை நம்புவதற்கு முன் டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண்ணைத் தேடுங்கள். 3221 என்றால் 2021-இன் 32-ஆவது வாரம் தயாரானது. 2019 வண்டி, மீட்டரில் எட்டாயிரம்தான், ஆனால் டயர் 2022-இல் தயாரானது என்றால், பழைய டயர் எங்கே போனது என்று கேளுங்கள். சில சமயம் நியாயமான பதில் வரும்.

சென்னையிலிருந்து: விலை ரொம்பக் குறைவாகச் சொல்கிறார்கள். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியாக இருக்குமோ?

இருக்கலாம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் மூழ்கிய வண்டிகள் எத்தனையோ கை மாறியிருக்கின்றன. வெளியே கழுவிவிடுவார்கள், எல்லா மூலைக்கும் கை போகாது. சீட்டைக் கழற்றி ஃபியூஸ் பெட்டியைத் திறங்கள். வயர் கனெக்டர் ஒன்றிரண்டைப் பிரித்தால் செம்பு பச்சை பிடித்திருக்கும். ஹெட்லைட் கண்ணாடிக்குள் மெல்லிய வண்டல் கோடு தெரிந்தால் தண்ணீர் அந்த உயரம் வரை நின்றது என்று அர்த்தம். எஃப்ஐ வண்டியில் வயரிங் கோளாறைத் தேடிக் கண்டுபிடிப்பது பெரும் பாடு. எவ்வளவு சல்லிசாக வந்தாலும் வேண்டாம்.

ஓசூரிலிருந்து: பெங்களூரில் கேஏ நம்பர் வண்டி பார்த்திருக்கேன். நம்ம ஊர் விலையைவிட குறைவு. எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் கணக்கைப் போட்டுவிட்டு எடுங்கள். அங்குள்ள ஆர்டிஓவில் என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கணும், அதற்கு ஃபாரம் 28. பெயர் மாற்ற 29, 30. வண்டி லோனில் வாங்கியதாக ஆர்சியில் இருந்தால், பேங்க் என்ஓசியும் ஃபாரம் 35-உம் கொடுத்து ஹெச்பி (ஆர்சியில் உள்ள லோன் பதிவு) கேன்சல் ஆகியிருக்கணும். இதற்கெல்லாம் மேலே தமிழ்நாட்டு லைஃப் டேக்ஸ் புதிதாகக் கட்டணும். அங்கே கட்டியதில் மீதியைத் திரும்பக் கேட்க வழி உண்டு, அலைச்சலும் உண்டு. வேற்று மாநில நம்பரோடு 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருக்கக் கூடாது. இவ்வளவையும் கூட்டிய பிறகும் லாபம் என்றால் சரி.

நம்மூர் நம்பராக இருந்தாலும் அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு லோன், இன்சூரன்ஸ், பாக்கி சலான் எல்லாம் பாருங்கள். சேஸிஸ் நம்பரை ஆர்சியோடு ஒப்பிடுங்கள், ஆர்சியின் ஜெராக்ஸோடு அல்ல. பெயர் மாறிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவிக்கணும். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது. ‘பேர் மாத்துறதை மெதுவாப் பார்த்துக்கலாம்’ என்பவரிடம் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.

பழனியிலிருந்து: அண்ணா, என் உயரம் 5 அடி 2 அங்குலம். எக்ஸ்பல்ஸ் சீட்டில் உட்கார்ந்தால் கால் விரல் நுனிதான் தரையைத் தொடுகிறது. லோயரிங் லிங்க் போடச் சொல்கிறார்கள்.

வேண்டாம்மா. லிங்க் போட்டால் பின்பக்கம் மட்டும் இறங்கும், தரைக்கும் வண்டிக்கும் உள்ள இடைவெளி குறையும், சைடு ஸ்டாண்டில் வண்டி நிமிர்ந்து நின்று மறுபக்கம் சாயப் பார்க்கும். சீட் உயரம் 823 மில்லிமீட்டர். சீட் கவர் தைக்கும் கடையில் ஃபோமை முன்பக்கம் ஓர் அங்குலம் சீவி, ஓரங்களையும் சரித்துத் தரச் சொல்லுங்கள். அதிலேயே பெரிய வித்தியாசம் தெரியும்.

இரண்டு காலும் தரையில் பதிய வேண்டியதில்லை. நிறுத்தும்போது இடுப்பை இடப்பக்கம் நகர்த்தி இடது காலை முழுப் பாதமாக ஊன்றுங்கள், வலது கால் பின் பிரேக்கில் இருக்கட்டும். காலி மைதானத்தில் இதை மட்டும் திரும்பத் திரும்பச் செய்து பாருங்கள். பயம் போய்விடும். நிறுத்தும் இடத்தை முன்கூட்டியே பார்த்து, இடப்பக்கம் பள்ளம் இல்லாத இடமாகத் தேர்ந்தெடுக்கணும், அவ்வளவுதான்.

ராமநாதபுரத்திலிருந்து: எங்க பக்கம் பூரா கருவேல முள். பஞ்சர்தான் கவலை.

நியாயமான கவலை. ஸ்போக்ஸ் சக்கரம் என்பதால் உள்ளே டியூப். டியூப்லெஸ் டயருக்குக் குச்சி சொருகும் கிட் இதில் வேலைக்கு ஆகாது. சக்கரத்தைக் கழற்றி, டயரை நெம்பி, டியூபை எடுத்து ஒட்டணும். முன் சக்கரத்தின் 21 அங்குல டியூப் கிராமத்துப் பஞ்சர் கடையில் அநேகமாக இருக்காது, அதனால் ஒன்றை எப்போதும் கூடவே வைத்திருங்கள். அவசரத்துக்கு அதையே பின் டயரிலும் மடக்கி வைத்து வீடு வந்து சேரலாம். இரண்டு டயர் லீவர், ஆக்சில் ஸ்பானர், ஒரு பம்ப். இதை வீட்டு வாசலில் நிழலில் உட்கார்ந்து ஒருமுறை முழுசாகச் செய்து பாருங்கள், உச்சி வெயிலில் கண்மாய்க் கரையில் முதல்முறை கற்றுக்கொள்ள வேண்டாம்.

முள் டயரிலேயே ஒடிந்து நிற்கும். உள்பக்கம் விரலால் தடவித் தேடி எடுத்த பிறகே புது டியூபைப் போடுங்கள்.

சேலத்திலிருந்து: ப்ரோ, வாங்கினதும் என்ன மாடிஃபிகேஷன் பண்ணலாம்? சைலன்சர், ஃபாக் லைட், பெட்டி, ரேலி கிட்...

கை கார்டு. போதும்.

சரி, கோபித்துக்கொள்ள வேண்டாம். வாங்கியவுடன் ஆயில், ஏர் ஃபில்டர், பிரேக் ஆயில் மூன்றையும் மாற்றுங்கள், பழையவர் நேற்றுதான் மாற்றினேன் என்றாலும். பின் சஸ்பென்ஷனின் லிங்கேஜ் பேரிங்கைப் பிரித்து கிரீஸ் வையுங்கள். பிரஷர் வாட்டர் அடித்துக் கழுவிய வண்டிகளில் அங்கேதான் துருப்பிடிக்கும். மற்ற காசை உடம்புக்குச் செலவிடுங்கள்: கணுக்காலைத் தாண்டி மூடும் பூட்ஸ், முழங்கால் கார்டு, முழு ஹெல்மெட். விழும் வண்டி காலின் மேல்தான் விழும். பெட்டியும் சைலன்சரும் எடையைக் கூட்டும், சத்தத்தைக் கூட்டும். ரேலி கிட் சஸ்பென்ஷனை இன்னும் உயரமாக்கும், பழகுபவருக்கு அது உதவாது.

தூத்துக்குடியிலிருந்து: தேரிச் செம்மணலில் வண்டி பாம்பு மாதிரி நெளியுது. என்ன தப்பு?

தப்பே இல்லை, மணலில் முன் சக்கரம் நெளியத்தான் செய்யும். அதைக் கையால் அடக்கப் பார்ப்பதுதான் சிக்கல். எழுந்து நில்லுங்கள், முழங்காலால் டேங்கைக் கவ்வுங்கள், ஹேண்டிலை இறுக்காமல் பிடியுங்கள், உடம்பு எடை சற்றே பின்னால். பார்வை சக்கரத்துக்கு முன்னால் இல்லை, தூரத்தில். ஆக்ஸிலேட்டரை ஒரே சீராக வையுங்கள். பயந்து சட்டென விட்டால் எடை முன்னால் வந்து சக்கரம் மணலில் புதையும், அங்கேதான் எல்லோரும் விழுகிறார்கள். காற்றைக் கொஞ்சம் குறைத்தால் பிடிப்பு கூடும். டியூப் டயரில் 18, 20 பிஎஸ்ஐ-க்குக் கீழே போகாதீர்கள், கல்லில் அடித்தால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் கிழியும். தார் ரோடு ஏறுமுன் திரும்ப அடித்துக்கொள்ளுங்கள். தேரியில் ஒரு பகுதி வனத்துறைக்குச் சொந்தம், எங்கே ஓட்டுகிறீர்கள் என்று பார்த்து ஓட்டுங்கள்.

கூடலூரிலிருந்து: காட்டுக்குள்ளே மண் ரோடு நிறைய இருக்கே, அதில் போகலாமா?

காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். நன்றாகத் தெரிந்த வழி என்பது அனுமதி ஆகாது. முதுமலை, பந்திப்பூர் சாலையே இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும், காட்டின் உட்பாதை எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. யானைக்கு எக்ஸ்பல்ஸும் ஒன்றுதான் ஹிமாலயனும் ஒன்றுதான். பழக, அனுமதி வாங்கிய பட்டா நிலமோ பஞ்சாயத்து மண் சாலையோ போதும்.

திண்டுக்கல்லிலிருந்து: ஹீரோ இம்பல்ஸ் ஒன்று நல்ல நிலையில் கிடைக்கிறது. 2012 மாடல்.

அழகான வண்டி, 150 சிசியில் மண்ணுக்கென்று இங்கே முதலில் வந்த வண்டி. எஞ்சினுக்கு சாமான் சமாளிக்கலாம். பிளாஸ்டிக், டேங்க், ஃபோர்க் சாமான்களுக்கு அலைய வேண்டும். 15 வருஷ ஆர்சி 2027-இல் முடியும், எஃப்சி (தகுதிச் சான்று) எடுத்துப் புதுப்பிக்கணும். ஆசைக்கு இரண்டாவது வண்டியாக வாங்குங்கள்.

தேனியிலிருந்து: தோட்டத்துக்குள்ளே எங்க அப்பா எக்ஸ்எல்லில் தேங்காய் மூட்டை ஏத்திட்டு போறார். அதுக்கு மேல இந்த வண்டி எதுக்கு?

அப்பா செய்வது சரி தம்பி. அவரிடம் ஓட்டக் கற்றுக்கொண்டு அப்புறம் எக்ஸ்பல்ஸ் வாங்குங்கள்.