முதுகுத்தண்டில் கட்டி, தை வரை காத்திருக்கலாமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

கடலூர் முதுநகரிலிருந்து எழுதுகிறேன். உங்கள் அக்காவின் முதுகுத்தண்டு ஆபரேஷன் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்திருக்கிறேன். என் அம்மாவுக்கு 58 வயது. பல மாதமாக முதுகுவலி. வாயு என்று கஷாயம் குடித்தார், ஒருவரிடம் போய் நீவிக்கொண்டார். இடுப்புக்கு எம்.ஆர்.ஐ. எடுத்ததில் தேய்மானம்தான் என்றார்கள். இப்போது நடந்தால் கால் பின்னுகிறது, மாடி ஏற முடியவில்லை. புதுச்சேரியில் காட்டியபோது நெஞ்சுப் பகுதிக்கு ஸ்கேன் எடுத்து, தண்டுவடத்தைக் கட்டி அழுத்துகிறது, சீக்கிரம் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார்கள். சொந்தக்காரர்களோ முதுகில் கத்தி வைத்தால் கால் போய்விடும், தை பிறக்கட்டும் என்கிறார்கள். கேன்சராக இருக்குமோ என்றும் பயம். என்ன செய்யட்டும்?

சரவணன்

அன்புள்ள சரவணன்,

தை வரை காத்திருக்க வேண்டாம். நான் மருத்துவன் இல்லை. அக்காவோடு ஆஸ்பத்திரியில் இருந்து தெரிந்துகொண்டதையும் பிறகு தேடிப் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

முதல் ஸ்கேனில் ஏன் தெரியவில்லை என்ற குழப்பம் உங்கள் வீட்டில் இருக்கும். கால் தளர்ந்தால் கோளாறு இடுப்பில்தான் என்று நினைக்கிறோம். ஆனால் முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டான தண்டுவடம் அதன் அடிவரை போவதில்லை. பெரியவர்களுக்கு அது இடுப்பின் மேல்பக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே வெறும் நரம்புக் கற்றைகள்தான். கால் விறைத்துப் பின்னினால் அழுத்தம் அதற்கும் மேலே எங்கோ இருக்கிறது. 58 வயதில் யாருக்கு இடுப்பு ஸ்கேன் எடுத்தாலும் கொஞ்சம் தேய்மானம் தெரியத்தான் செய்யும்.

மேலே என்றால் எங்கே? அக்காவைப் பார்த்த டாக்டர் ஸ்கேனுக்கு எழுதும் முன் ஒரு குண்டூசியை எடுத்தார். பாதத்திலிருந்து தொடங்கி முழங்கால், தொடை, வயிறு என்று மெல்லக் குத்திக்கொண்டே வந்து, "சுருக்குனு இருக்கா, மந்தமா இருக்கா?" என்று கேட்டார். மந்தம், மந்தம் என்றே சொல்லிவந்த அக்கா மார்புக்குச் சற்றுக் கீழே "ஆ, குத்துது" என்றாள். அந்த இடத்தில் பேனாவால் கோடு போட்டார். தொப்புள் மட்டத்துக்கு உணர்வு கொடுப்பது பத்தாவது நெஞ்சு நரம்பு, மார்புக்காம்பு மட்டத்துக்கு நான்காவது. உணர்வு மாறும் கோடு தெரிந்தால் அதை ஒட்டியோ அதற்கு மேலேயோ தேட வேண்டும். அப்புறம் சாவியால் உள்ளங்காலைக் கீறினார். கட்டைவிரல் கீழே மடங்காமல் மேலே எழும்பியது. தண்டுவடத்தில் கோளாறு என்று அப்போதே சொல்லிவிட்டார்.

1887-இல் லண்டனில் விக்டர் ஹார்ஸ்லி முதன்முதலாகத் தண்டுவடக் கட்டி ஒன்றை வெற்றிகரமாக எடுத்தபோது எக்ஸ்ரேகூடக் கிடையாது. வில்லியம் கோவர்ஸ் என்ற நரம்பியல் மருத்துவர் இப்படி உடம்பைச் சோதித்தே இடத்தைக் கணித்தார். முதலில் திறந்த இடத்தில் கட்டி இல்லை. இன்னும் மேலே எலும்பை எடுத்தபோதுதான் கிடைத்தது. நடக்க முடியாமல் கிடந்த அந்த ராணுவ அதிகாரி பிறகு எழுந்து நடந்தார். இன்று எம்.ஆர்.ஐ. இருக்கிறது, கட்டியைத் துலக்கிக் காட்டும் கான்ட்ராஸ்ட் ஊசி இருக்கிறது. அம்மாவுக்குக் கட்டி எந்த இடம் என்பது ஏற்கெனவே தெரிந்துவிட்டது.

கேன்சரா என்ற கேள்விக்கு உறுதியான பதில் பயாப்சியில்தான், அதாவது கட்டியின் துணுக்கை எடுத்துச் சோதிப்பதில்தான் கிடைக்கும். தண்டுவடத்துக்கு வெளியே, அதன் உறைக்குள் வளரும் மெனிஞ்சியோமா, ஷ்வான்னோமா இரண்டும் பெரும்பாலும் சாதாரணக் கட்டிகள். நடுத்தர வயதைத் தாண்டிய பெண்களுக்கு நெஞ்சுப் பகுதியில் வருவது பெரும்பாலும் மெனிஞ்சியோமாதான். முழுதாக எடுத்துவிட்டால் பலருக்கு வேறு சிகிச்சையே தேவைப்படாது. எலும்பில் வருவது வேறு கதை. மார்பகம், நுரையீரல் போன்ற இடத்துப் புற்று அங்கே பரவியிருக்கலாம். நம் ஊரில் முதுகெலும்பு டி.பி.யும் ஸ்கேனில் கட்டிபோலக் காட்டும். அது பெரும்பாலும் மாத்திரையிலேயே குணமாகும். உங்கள் அம்மாவுக்கு இருப்பது உறைக்குள்ளா, எலும்பிலா, தண்டுவடத்துக்கு உள்ளேயா என்று டாக்டரிடம் கேளுங்கள். மற்றதெல்லாம் அதைப் பொறுத்தது.

ஒருவேளை பரவிய புற்றாகவே இருந்தாலும் கைவிடாதீர்கள். அப்படித் தண்டுவடம் அழுத்தப்பட்டவர்களிடம் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 2005-இல் வெளிவந்தது. கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 57 சதவீதம் பேர் சிகிச்சைக்குப் பின் நடந்தார்கள்; ஆபரேஷனும் செய்து கதிர்வீச்சும் பெற்றவர்களில் 84 சதவீதம் பேர்.

சொந்தக்காரர்கள் சொல்வதற்கு வருகிறேன். அவர்கள் பயம் பொய்யில்லை. ஆபரேஷனுக்குப் பின் கால் வராமல் போனவர்களை ஊரில் பார்த்திருப்பார்கள். ஆனால் அவர்கள் எந்த நிலையில் ஆபரேஷனுக்குப் போனார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஆபரேஷனுக்கு முன்பு நடந்துகொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் பின்பும் நடக்கிறார்கள். கால் முழுக்க விழுந்து நாள் கடந்த பிறகு எடுத்தால், கட்டி போனாலும் நசுங்கிய நரம்பு மீள்வது கஷ்டம். ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். கட்டி தண்டுவடத்துக்குள்ளேயே இருந்தால் ஆபத்து கூடுதல். ஆனாலும் உங்கள் அம்மா இன்று நடக்கிறார். அந்த நடை இருக்கும்போதே செய்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் டாக்டர்கள் அவசரப்படுத்துகிறார்கள்.

ஆபரேஷனில் எலும்பின் பின்பக்கத்தைக் கொஞ்சம் எடுத்து, உறையைப் பிரித்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்தபடி கட்டியைச் சிறிது சிறிதாக எடுப்பார்கள். பல இடங்களில் நரம்பின் சமிக்ஞையைக் கருவியில் கவனித்தபடியே செய்கிறார்கள். பிறகுதான் வீட்டாருக்கு வேலை. படுக்கைப்புண் வராமல் புரட்டிப் போட வேண்டும், பிசியோதெரபியை ஒருநாளும் விடக்கூடாது. அக்காவுக்குக் கால் வலு முதலில் வந்தது, மரத்த உணர்வு மெல்லத்தான் குறைந்தது. இன்றும் இடது பாதத்தில் செருப்பு கழன்றால் அவளுக்குத் தெரிவதில்லை. ஆனால் மார்க்கெட்டுக்குத் தனியாகப் போய் வருகிறாள்.

நீவுவதை இன்றே நிறுத்துங்கள். ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள்; சர்க்கரை இருந்தால் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய இடுப்பு ஸ்கேன் உட்பட எல்லாப் படங்களையும் எடுத்துப் போங்கள். அம்மாவிடம் மறைக்காதீர்கள், கையெழுத்துப் போடப்போவது அவர்தான்.

சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, தெரியாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ, கால் திடீரென்று தளர்ந்தாலோ, அடுத்த ஓ.பி. நாளைப் பார்க்க வேண்டாம். இரவானாலும் வண்டி பிடித்து நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.