பாத்திரக்கடைப் பிள்ளைக்கு ஏற்ற படிப்பு

அண்ணாச்சி, போன ஞாயிற்றுக்கிழமை நீங்களும் மதினியும் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தபோது, "பயப்படாதீங்க, யோசிச்சுச் சொல்றேன்" என்று அனுப்பிவைத்தேன். யோசித்துவிட்டேன். அந்த கம்ப்யூட்டர் சயின்ஸ் மேனேஜ்மென்ட் சீட்டுக்குப் பணம் கட்டாதீர்கள். நான்கு வருடத்துக்குப் பதினெட்டு லட்சம், அதற்குக் கடைக் கட்டடத்தை அடமானம் வைக்கலாம் என்று பெரியப்பா சொல்கிறார். மாதாமாதம் தவணை கட்டப்போவது அவர் இல்லை, நீங்கள்தான். கோடிங் வகுப்பில் ஒரு மாதம் உட்கார்ந்த பிள்ளை, "எனக்கு இது ஒட்டவே இல்லப்பா" என்று உங்கள் முன்னாலேயே சொன்னாள். அதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

அவள் கேட்டது பொருளாதார வரலாறு. அதிலும் யூத வணிகர்களின் வரலாறு. வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள் என்றாள். "வட்டிக்காரங்க கதையைப் படிச்சா சோறு போடுமா" என்று மாமா கேட்டாராம். முதலில் அந்தப் பேச்சை நிறுத்தச் சொல்லுங்கள். யூதர் என்றாலே பணக்காரர், வட்டிக்காரர் என்பது பழைய அவதூறு. கொங்கணக் கரையில் இருந்த யூதர்கள் செக்கில் எண்ணெய் ஆட்டிப் பிழைத்தவர்கள். சனிக்கிழமை வேலை செய்யமாட்டார்கள் என்பதால் ஊரார் அவர்களைச் 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமை எண்ணெய்க்காரர் என்றார்கள். பழைய கெய்ரோவில் ஏழை யூதர்களுக்கு ரொட்டி கொடுத்த பட்டியல்கள்கூட இன்றும் இருக்கின்றன. கப்பல் வணிகரும் உண்டு, ரொட்டிக்கு வரிசையில் நின்றவரும் உண்டு. எல்லாச் சமூகமும் போலத்தான்.

சரி, இவளுக்கு இதில் எங்கிருந்து ஆசை வந்தது என்று உங்களுக்குத் தெரியுமா? உங்கள் கடையிலிருந்துதான்.

பழைய கெய்ரோவில் பென் எஸ்ரா என்று ஒரு யூதத் தொழுகைக்கூடம். கடவுள் பெயர் எழுதிய தாளை அழிக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். அதனால் பழைய தாள்களை ஓர் அறையில் போட்டு வைத்தார்கள். நாளடைவில் வணிகக் கடிதம், சரக்குப் பட்டியல், கடன் கணக்கு என எல்லாம் அங்கே சேர்ந்தன. 1896-97இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அறிஞர் சாலமன் ஷெக்டர் அங்கே போய், ஏறத்தாழ 1,93,000 துண்டுகளைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுவந்தார். அவற்றில் நம் பக்கத்து வியாபாரமும் கிடக்கிறது. ஆபிரகாம் பென் யிஜு என்பவர் துனிசியாவின் மஹ்தியா ஊர்க்காரர். 1132 வாக்கில் மங்களூர் வந்தவர், 1149 வரை பெரும்பாலும் இந்தக் கரையிலேயே இருந்தார். மிளகும் ஏலக்காயும் ஏற்றுமதி செய்தார். கூடவே வெண்கலப் பட்டறை ஒன்றும் வைத்திருந்தார்.

ஏமன் நாட்டுத் துறைமுகமான ஏடனிலிருந்து செம்பும் ஈயமும் உடைந்த பழைய பாத்திரங்களும் அவருக்குக் கப்பலில் வரும். இவர் புதுச் சாமானாகச் செய்து திருப்பி அனுப்புவார். ஓர் ஏடன் வியாபாரி விளக்குக்கு ஆர்டர் எழுதுகிறார்: தண்டு எட்டுப் பட்டையாக, கனமாக இருக்க வேண்டும், கால்கள் உறுதியாக இருக்க வேண்டும், மேலே இரண்டு திரி போடுகிற மாதிரி வேண்டும். இன்னொரு பக்கம், ஏலக்காய்க்கு முன்பணம் வாங்கிக்கொண்டு சரக்கு கொடுக்காத ஒரு தரகரின் பாக்கி கடிதங்களில் திரும்பத் திரும்ப வருகிறது.

இதை உங்கள் மகள் எனக்குச் சொன்னபோது ஒரு வார்த்தை சொன்னாள்: "சேதாரம் யார் கணக்குல எழுதினாங்கன்னு பார்க்கணும் சார்." பழைய பித்தளையை எடைக்கு எடுத்து, உருக்குச் சேதாரம் கழித்து, கூலி போட்டு பில் எழுதிப் பழகின பிள்ளைக்குத்தான் இந்தக் கேள்வி வரும். பேராசிரியருக்குக்கூட உடனே வராது. பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு பிள்ளை இப்படிக் கேட்டு நான் பார்த்தது இதுவே முதல் முறை.

கொச்சி மட்டாஞ்சேரிக்குப் பள்ளிச் சுற்றுலா போனபோது யூதச் செப்பேட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறாள். கி.பி. 1000 வாக்கில் சேர அரசன் பாஸ்கர ரவி, ஜோசப் ரப்பானுக்கு அஞ்சுவண்ணமும் 72 உரிமைகளும் கொடுத்த செப்பேடு. எழுத்து வட்டெழுத்து. உல்கும் துலாக்கூலியும் அவர்களுக்கு விலக்கு என்று அதில் இருக்கிறது. உல்கு என்றால் சுங்கம், துலாக்கூலி என்றால் எடைக்கூலி. தமிழ் படித்த பிள்ளைக்கு அகராதி வேண்டாம். அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழு இராமநாதபுரம் பக்கம் தீர்த்தாண்டதானபுரத்துக் கல்வெட்டிலும் வருகிறது. வட்டெழுத்தும் தெரிந்து, கெய்ரோத் தாள்களில் இருப்பதுபோல எபிரேய எழுத்தில் எழுதிய அரபியும் தெரிந்தவர்கள் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான் இருப்பார்கள். உங்கள் மகள் போட்டி போடவேண்டிய கூட்டம் அவ்வளவு சிறியது.

ஐஏஎஸ், பி.எட்., வங்கித் தேர்வு பற்றியெல்லாம் நான் பேசப்போவதில்லை. தெருவுக்கு ஒருவர் அதைச் சொல்ல இருக்கிறார்கள். நான் சொல்வது இது. அரசு அல்லது அரசு உதவிபெறும் கல்லூரியில் பி.ஏ. பொருளியல். புள்ளியியல் தாள் கட்டாயம். அதை விட்டுவிட்டு வெறும் வரலாறு மட்டும் படிக்க வேண்டாம், ஏனென்றால் நடுவில் மனம் மாறினாலும் பொருளியல் கைகொடுக்கும். ஆண்டுக் கட்டணம் சில ஆயிரங்களில் முடியும். மிச்சமாகும் பணத்தில் கொஞ்சம் எடுத்து அரபிக்குச் செலவழியுங்கள். முதல் வருடமே ஆரம்பிக்க வேண்டும். மேற்படிப்புக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரபி, பாரசீகம், உருதுத் துறை இருக்கிறது. எபிரேயத்தில் 22 எழுத்துதான், அதை இந்தக் கோடை விடுமுறையிலேயே பழகலாம். வட்டெழுத்துக்குத் தமிழ்நாடு தொல்லியல் துறையின் ஆட்கள் ஊர் ஊராகப் பயிலரங்கு நடத்துவார்கள், செய்தியைக் கவனித்துக்கொண்டிருங்கள்.

அப்புறம் எம்.ஏ., கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வு. அதில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் பொருளாதார வரலாற்றுக்கென்றே தனித்துறை இருக்கிறது, அமெரிக்காவில் பிரின்ஸ்டனில் இந்தக் கெய்ரோத் தாள்களுக்கென்றே ஆய்வகம் இருக்கிறது. ஆனால் இங்கே கண்டிப்பாக ஒன்று சொல்கிறேன். கைக்காசு கட்டி வெளிநாட்டுக்கு அனுப்பாதீர்கள். ஏஜென்ட் யார் வந்தாலும் வாசலோடு அனுப்புங்கள். கட்டணத்தையும் சாப்பாட்டுச் செலவையும் அவர்களே ஏற்று அழைத்தால் மட்டும் போகட்டும். நல்ல அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் முனைவர் படிப்பு அப்படித்தான் நடக்கிறது.

பாதை நீளம் அண்ணாச்சி, மறைக்கமாட்டேன். முனைவர் பட்டம் வரை குறைந்தது எட்டு ஒன்பது வருடம் ஆகும். நிரந்தர வேலை குறைவு. மதினி கல்யாணத்தைப் பற்றிக் கேட்டார்கள். அதை இருபத்திரண்டு வயதுக்கு முன்னால் எடுக்கவே எடுக்காதீர்கள் என்பதுதான் என் பதில். ஆவணக்காப்பகம், அருங்காட்சியகம், பழைய தாள்களைக் கணினியில் ஏற்றும் நூலகங்கள் எல்லாவற்றுக்கும் இந்த மாதிரி ஆள் வேண்டும் என்றாலும், சம்பளத்தைப் பெரியப்பா மகனோடு ஒப்பிட்டால் முதல் பத்து வருடம் நீங்கள் தோற்றுக்கொண்டே இருப்பீர்கள். அந்த ஒப்பீட்டைத் தாங்க முடியாது என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள். பிள்ளையைப் பாதியில் இழுக்காதீர்கள்.

அவளையும் சோதிக்கத்தான் போகிறேன். கேம்பிரிட்ஜ் நூலகம் அந்தத் தாள்களின் படங்களை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. மே மாதக் கடைசிக்குள் அவள் ஒரு துண்டில் நான்கு வரி எழுத்துக்கூட்டிப் படித்து வரட்டும். முடியாவிட்டால் நானே வேறு வழி பேசுகிறேன். அதுவரை எந்தக் கல்லூரிக்கும் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

நீங்கள் ஒரு வேலை செய்யுங்கள். கடை அடைத்த பிறகு ஒருநாள் அவளோடு கல்லாவில் உட்கார்ந்து, அந்த எட்டுப் பட்டை விளக்குக்கு எத்தனை கிலோ பிடிக்கும், சேதாரம் என்ன போகும் என்று கணக்குப் போட்டுக் கொடுங்கள். அந்தத் தாளை அவள் வரும்போது கொண்டுவரட்டும்.