தலையைக் குனிந்தபடி பறக்கும் பறவை

கேள்வி: ஐயா, தினமும் காலையில் ஃபெரியில் பினாங்குத் தீவுக்கு வேலைக்குப் போகிறேன். படகின் பின்னாலேயே வெள்ளைப் பறவைகள் வருகின்றன. ஒன்றுகூடத் தண்ணீரில் உட்காரக் காணோம். கடற்காகம் தண்ணீரில் மிதக்கும் என்று என் மகள் சாதிக்கிறாள். யார் சொல்வது சரி?
- வாசகி, பட்டர்வொர்த்

பதில்: இரண்டு பேரும் சரிதான் அம்மா. மகள் சொல்வது கடற்காகம். நீங்கள் பார்ப்பது ஆலா. ஃபெரியில் கயிறு பிடித்த காலத்தில் நானும் வெள்ளையாகப் பறந்ததையெல்லாம் கடற்காகம் என்றே சொல்லித் திரிந்தவன்.

நிறத்தை விடுங்கள், அலகைப் பாருங்கள். கடற்காகம் அலகை நேரே நீட்டிப் பறக்கும். இரை தேடும் ஆலாவோ, தவறவிட்ட காசைத் தேடுகிறவர் மாதிரி தலையைக் குனிந்தபடியே வரும். இன்னொரு வழி, ரொட்டித் துண்டு. கடற்காகம் பாய்ந்து வரும், ஆலா பெரும்பாலும் திரும்பிக்கூடப் பார்க்காது. அதற்கு மீன்தான் வேண்டும். படகுக்கு அடியில் சுழலும் விசிறி நீரைக் கலக்கும்போது சிறு மீன்கள் மேலே வருகின்றன, அதற்காகத்தான் உங்கள் பின்னால் வருகிறது. பாசம் எல்லாம் இல்லை!

அதிலும் சின்ன ஆலா என்ற வகை ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, கல் விழுந்த மாதிரி தலைகீழாகப் பாயும். மீசை ஆலா என்ற வகை பெரும்பாலும் நனையாமலே நீர்மட்டத்தில் கொத்திக்கொண்டு போய்விடும்.

ஆலாவுக்குக் கால் குட்டை, நீச்சல் அவ்வளவாக வராது. ஓய்வெடுக்க மிதக்கும் கட்டையோ, மீனவர்கள் நட்ட கம்போ வேண்டும். ஒருமுறை மிதந்து வந்த மூங்கில் கழியில் ஏழு ஆலாக்கள் வரிசையாக, எல்லாம் காற்றைப் பார்த்தபடி நின்றன. எங்கள் படகின் அலை கழியைத் தூக்கிப் போட்டது. ஆறு, இறக்கையை அரைவாசி விரித்துச் சமாளித்துக்கொண்டன. ஒன்று மட்டும் சறுக்கி எழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி வந்து, பக்கத்தில் நின்றதைத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் நின்றுகொண்டது. அன்று டிக்கெட் இல்லாமல் பார்த்த சினிமா அதுதான்.

செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரை கூட்டம் அதிகம். அப்புறம் பெரும்பாலானவை குஞ்சு பொரிக்க வடக்கே போய்விடும். ஜூனில் குறைவாகத் தெரிந்தால் கவலைப்படாதீர்கள்.

கேள்வி: கும்பாபிஷேகத்தில் வட்டமிடும் கருடனும் படகுத்துறைப் பக்கம் சுற்றும் பருந்தும் ஒன்றா?
- வாசகர், ஜார்ஜ்டவுன்

பதில்: ஒன்றேதான், செம்பருந்து. தலையும் மார்பும் வெள்ளை, இறக்கை நுனி கறுப்பு, மற்றதெல்லாம் செங்கல் நிறம். ஆலா அலகால் பிடிக்கும், இது காலால் பிடிக்கும். பிடித்ததைப் பறந்துகொண்டே குனிந்து தின்னும். மீன் குடலுக்கும் வரும். கோயிலுக்கு ஏன் வருகிறது என்று என்னிடம் கேட்காதீர்கள், என் மனைவி இந்தப் பக்கத்தைப் படிப்பாள். இறக்கையை ஆங்கில 'வி' எழுத்துப் போல் தூக்கிப் பிடித்து, சாம்பலும் வெள்ளையுமாக, ஏறக்குறைய 2 மீட்டர் விரிப்போடு மிதந்து போவது வேறு ஆள். அது வெண்வயிற்றுக் கடற்கழுகு.