கேளுங்க... கியர் மாத்துவோம்! வராத வண்டியும் வந்துட்ட ஏபிஎஸ்ஸும்

இந்த தடவை வந்த கேள்வில பாதிக்கு மேல இன்னும் வராத வண்டியப் பத்திதான். வீட்ல நிக்கிற வண்டியப் பத்தி கேட்டவங்களும் இருக்காங்க, அவங்களுக்கு கீழ பதில் இருக்கு, பொறுமையா வாங்க. ஏபிஎஸ்னா கப்புன்னு பிரேக் புடிச்சாலும் வீல் லாக் ஆகாம பாத்துக்கிற சிஸ்டம், கார்னரிங் ஏபிஎஸ்னா வளைவுல வண்டி சாஞ்சிருக்கும்போதும் அத பாத்துக்கிறது.

கேள்வி: அண்ணே, கையில 3 லட்சம் ரெடி, ஹெல்மெட்கூட வாங்கிட்டேன். ஆனா அடுத்த வருஷம் வர்ற வண்டில ரேடார், கார்னரிங் ஏபிஎஸ், லாஞ்ச் கன்ட்ரோல் எல்லாம் கன்ஃபார்ம்னு ஒரு வீடியோல சொல்றாங்க. ஒரகடம் பக்கம் கறுப்பு வெள்ளை ஸ்டிக்கர் சுத்தின வண்டி போட்டோவும் போட்ருக்காங்க. வெயிட் பண்ணவா, எடுத்துடவா? (பாடி வாசகர்)

பதில்: தம்பி, ஒரகடத்துல டிசைன மறைக்க ஸ்டிக்கர் சுத்தின டெஸ்ட் வண்டி ஓடுறது மெரினால சுண்டல் விக்கிற மாதிரி, அதுல நியூஸே இல்ல. ராயல் என்ஃபீல்டு ஃபேக்டரி ஒரகடத்துலயும் வல்லம் வடகால்லயும் இருக்கு, யமஹா ஃபேக்டரியும் வல்லம் வடகால்தான், வண்டிங்கள டெஸ்ட் பண்ற ஜிஏஆர்சி சென்டரும் ஒரகடம்தான். அங்க டீக்கடைல ஒரு மணி நேரம் உக்காந்தா யார் வேணா ஒரு "லீக்" புடிச்சிட்டு வரலாம்.

அந்த போட்டோவ ஜூம் பண்ணிப் பாத்தா என்னென்ன தெரியும்னு யோசிங்க. சைலன்சர் எந்தப் பக்கம், முன்னாடி டிஸ்க் ஒண்ணா ரெண்டா, முன் வீல புடிக்கிற ஃபோர்க் எவ்ளோ தடிமன், பின் வீல புடிக்கிற ஸ்விங் ஆர்ம் எப்படி, அவ்ளோதான். டிஸ்க் பக்கத்துல ஓட்டை ஓட்டையா ஒரு வளையம் இருந்தா வீல் ஸ்பீடு சென்சார் இருக்குன்னு தெரியும், அதுவும் இப்ப ஏபிஎஸ் உள்ள எல்லா வண்டிலயும் இருக்கு. ஆனா கார்னரிங் ஏபிஎஸ்ஸுக்கு உயிரே வண்டி எவ்ளோ சாயுதுன்னு அளக்குற ஐஎம்யூன்னு சொல்ற ஒரு சின்ன டப்பா, சீட்டுக்கு அடியில எங்கயாவது ஒளிஞ்சி கிடக்கும். அது போட்டோல விழவே விழாது. அப்புறம் எங்கேந்து "கன்ஃபார்ம்"? எல்லாம் உருட்டு. டிசைன் பேட்டன்ட்னு படம் காட்டுவாங்க, அதையும் நம்பிடாதீங்க, கம்பெனிங்க பதிஞ்சி வைக்கிறதுல எத்தனையோ வண்டி பேப்பர்லயே படுத்துடும். டைப் அப்ரூவல் பேப்பர், அதாவது வண்டிய விக்கறதுக்கு முன்னாடி வாங்குற அனுமதிப் பேப்பர், லீக் ஆனா மட்டும் கொஞ்சம் காது குடுங்க. சிசி, பவர், வீல்பேஸ் எல்லாம் அதுல பெரும்பாலும் சரியா இருக்கும், விலை மட்டும் இருக்காது, நமக்கு வேண்டியதே அதுதான்.

இப்ப உங்க லிஸ்ட்டுக்கு வருவோம். கார்னரிங் ஏபிஎஸ் உங்க பட்ஜெட்டை ஒட்டி 2023லயே வந்தாச்சு. அந்த வருஷம் செப்டம்பர்ல வந்த கேடிஎம் 390 டியூக்ல இருக்கு, அதே மாசம் வந்த டிவிஎஸ் அப்பாச்சி ஆர்டிஆர் 310லயும் இருக்கு, ஆனா 310ல அத ஆப்ஷனாதான் குடுத்தாங்க, அதனால புக் பண்ணும்போது எந்த வேரியன்ட்னு வாயத் திறந்து கேட்டு பில்லுல எழுதி வாங்குங்க. இன்னொண்ணு, 2025 செப்டம்பர் 22லேந்து 350 சிசிக்கு மேல போனா ஜிஎஸ்டி 40%, கீழ இருந்தா 18%. அந்த டியூக் 399 சிசி, 310 பேர்லயே இருக்கு, கணக்க நீங்களே போட்டுக்கோங்க.

ரேடார்? முன்னாடியும் பின்னாடியும் ரேடார் வச்சி விக்க வந்த முதல் பைக் டுகாட்டி மல்டிஸ்ட்ராடா வி4, 2020ல. முன்னாடி ரேடார் க்ரூஸ் கன்ட்ரோலுக்கு, முன்னாடி போற வண்டி ஸ்லோ ஆனா இதுவும் தானா ஸ்லோ ஆகும். பின்னாடி ரேடார் கண்ணாடில தெரியாத பக்கம் வண்டி வந்தா லைட் போட்டு காட்டும். நம்ம ஊர் அல்ட்ராவயலட் 2025 செப்டம்பர்ல விட்ட எக்ஸ்47ல பின்னாடி ரேடார் வந்துடுச்சு, அதனால அது ரூமர் லிஸ்ட்லேந்தே வெளிய வந்தாச்சு. அண்ணா சாலைல நமக்கு ரெண்டு பக்கமும் எப்பவும் ஒரு ஷேர் ஆட்டோ இருக்கும், அந்த லைட் அணையுமான்றதுதான் என் டவுட்டு. நின்ன இடத்துலேந்து ரேஸ் மாதிரி சீறிக் கிளம்ப வைக்கிற லாஞ்ச் கன்ட்ரோல் கிண்டி சிக்னலுக்கு எதுக்கு தம்பி, இருங்காட்டுக்கோட்டை ட்ராக்குக்கு போற ஐடியா இருந்தா சொல்லுங்க, தனியா பேசுவோம்.

எடுத்துடுங்க. வாங்கின ஹெல்மெட் சும்மா கிடக்கக் கூடாது.

கேள்வி: என் பையன் காலேஜ் போறான். சாதா ஏபிஎஸ் போதாது, கார்னரிங் ஏபிஎஸ்தான் வேணும்னு கூட காசு கேக்குறான். ஏமாத்துறானா? (பெரம்பூர் வாசகி)

பதில்: இல்லமா, இந்த விஷயத்துல அவன் சொல்றது சரிதான்.

டயருக்கு ரோட்ல கிடைக்கிற க்ரிப்ப ரேஷன் அரிசின்னு வச்சிக்கோங்க. மாசத்துக்கு 20 கிலோன்னா 20 கிலோதான். வண்டி நேரா போகும்போது மொத்தத்தையும் பிரேக்குக்கு செலவு பண்ணலாம். வளைவுல சாய்ச்சா, சாயறதுக்கே 12 கிலோ, 15 கிலோ போயிடும், மிச்சம் இருக்குறதுதான் பிரேக்குக்கு. சாதா ஏபிஎஸ்ஸுக்கு வண்டி சாஞ்சிருக்குன்னே தெரியாது. வீல் சுத்துற வேகத்த மட்டும் பாக்கும், திடீர்னு குறைஞ்சா "லாக் ஆகப் போகுது"ன்னு பிரேக் ஆயில் பிரஷர விட்டு விட்டுப் புடிக்கும், அப்போ லீவர்ல டுக்கு டுக்குன்னு விரல்ல அடிக்கும் பாருங்க, அதான். நேரா போகும்போது இது தெய்வம். வளைவுல அது முழிக்கறதுக்குள்ள அரிசி தீந்துடும்.

கார்னரிங் ஏபிஎஸ்ல அந்த ஐஎம்யூ டப்பா செகண்டுக்கு நூறு தடவைக்கு மேல "இப்ப எவ்ளோ சாஞ்சிருக்கோம், முன்னாடி குத்துதா, பின்னாடி தூக்குதா"ன்னு அளந்துட்டே இருக்கும். பயந்து போய் பிரேக்க கப்புன்னு புடிச்சாலும் பிரஷர மெதுவாதான் ஏத்தும். இன்னொரு நன்மை, வளைவுல முன் பிரேக் புடிச்சா வண்டி நிமிந்து நேரா ஓடப் பாக்கும், அதுவும் குறையும். கத்திப்பாரா பாலத்து வளைவுல மழைத்தண்ணி நிக்கும்போது முன்னாடி போற கார் திடீர்னு சிவப்பு லைட் போட்டா என்ன ஆகும்னு நினைச்சுப் பாருங்க, கூட காசு குடுக்கலாம்னு தோணும்.

மோட்டார் சைக்கிள்ல எலக்ட்ரானிக் ஏபிஎஸ் முதல்ல வந்தது 1988ல, பிஎம்டபிள்யூ கே100ல. சாய்வ பாத்து வேலை செய்ற ஏபிஎஸ் 2014 மாடல் கேடிஎம் 1190 அட்வென்ச்சர்லதான் வந்துச்சு. கால் நூற்றாண்டு ஆச்சு அந்த ஒரு படி ஏற. அங்கேந்து காலேஜ் பசங்க வாங்குற வண்டிக்கு இறங்கி வர பத்து வருஷம்கூட ஆகல.

ஆனா ஒரு கண்டிஷன் போடுங்க, அந்த காசுக்கு பதிலா சைலன்சர் மாத்தக் கூடாதுன்னு.

கேள்வி: சூப்பர்மோட்டோ மோடு போட்டா கெத்தா இருக்குமா ப்ரோ? (ராயபுரம்)

பதில்: பின்னாடி வீலுக்கு ஏபிஎஸ் கட் ஆகும் ப்ரோ. கெத்து அவ்ளோதான்.

கேள்வி: ஹோண்டா எலக்ட்ரிக் டர்போ பைக் விடப் போகுதாமே, உண்மையா? (தாம்பரம் வாசகர்)

பதில்: பாதி உண்மை. டர்போ இல்ல, கம்ப்ரஸர். 2024 நவம்பர்ல மிலான் பைக் ஷோல ஹோண்டா ஒரு வி3, அதாவது மூணு சிலிண்டர் இன்ஜின காட்டுச்சு, அடுத்த வருஷம் அதே ஷோல 900 சிசி ப்ரோட்டோடைப் வண்டியாவே நிறுத்துச்சு. டர்போன்னா புகையோட வேகத்துல சுத்தணும், முறுக்கினதும் ஒரு நொடி யோசிச்சிட்டு அப்புறம் உதைக்கும், வளைவுல அந்த உதை வந்தா பின் டயர் என்ன பண்ணும்னு சொல்ல வேணாம். இது கரண்ட்ல சுத்துற கம்ப்ரஸர், இன்ஜின் ஆர்பிஎம் என்னவா இருந்தாலும் வேணும்னப்போ காத்த அமுக்கித் தள்ளும், வண்டியோட கம்ப்யூட்டர் ஈசியூ சொல்ற அளவுக்கு மட்டும். பவரும் சேஃப்டியும் ஒரே மூளையில இருக்கறது எனக்கு புடிச்சிருக்கு. "இந்தியா விலை இவ்ளோ"ன்னு இப்பவே போடுறவங்கள மட்டும் கடந்து போயிடுங்க.

கேள்வி: அடுத்த ஹயபூசா 320 போகும்னு ஃப்ரெண்டு பெட் கட்டுறான். (நீலாங்கரை)

பதில்: எதிர்த்துக் கட்டுங்க, ஜெயிச்சிடலாம். 1999ல சுசுகி ஹயபூசா வந்தப்போ மணிக்கு 300 கிலோமீட்டர தாண்டுச்சு, ஐரோப்பால தடை கிடை போட்டுடுவாங்களோன்னு பயந்து பெரிய கம்பெனிங்க 299ல நிறுத்திக்கலாம்னு தங்களுக்குள்ள பேசிக்கிட்டாங்க. 2021ல வந்த ஹயபூசாவும் 299லதான் நிக்குது, ஆனா ஆறு விதமான அசைவ அளக்குற ஆறு ஆக்ஸிஸ் ஐஎம்யூ சேந்துடுச்சு. ஈசிஆர்ல முட்டுக்காடு தாண்டினா ரோட்ல மணல் பறக்குது, அங்க 80ஏ ஜாஸ்தி.

கேள்வி: டயர் மாத்தினதுலேந்து ஏபிஎஸ் லைட் அணையவே மாட்டேங்குது. ஏபிஎஸ் யூனிட் போச்சுன்னு பயமுறுத்துறாங்க. (மேடவாக்கம் வாசகர்)

பதில்: யூனிட்ட நினைச்சு தூக்கத்த கெடுத்துக்காதீங்க, முதல்ல டிஸ்க் பக்கத்துல இருக்குற அந்த ஓட்டை வளையம், அந்த ரிங்க பாருங்க. சாவி போட்டதும் லைட் எரியும், கொஞ்ச தூரம் உருண்டதும் அணையணும். அணையலன்னா ஏபிஎஸ் வேலை செய்யல, சாதா பிரேக் இருக்கும். பின் வீல் வழுக்கி சுத்தாம பாத்துக்கிற ட்ராக்ஷன் கன்ட்ரோல் இருக்குற வண்டில அதுவும் சேந்து படுத்துடும், ஏன்னா எல்லாத்துக்கும் அந்த வீல் சென்சார்தான் கண்ணு.

எனக்கும் இதே நடந்துச்சு. டயர் மாத்தின கடைல பையன் வீல டிஸ்க் பக்கம் கீழ வச்சி நெம்பிருக்கான், நான் டீ குடிக்கப் போயிட்டேன். வீட்டுக்கு வந்து முன் வீல தூக்கி சுத்த விட்டு டார்ச் அடிச்சுப் பாத்தா, சென்சாருக்கும் ரிங்குக்கும் நடுவுல ஒரு நூல் அளவு இடம் இருக்கணுமே, ஒரு சுத்துக்கு ஒரு தடவை ரிங் கிட்ட வந்து உரசாத குறையா விலகிப் போகுது. ரிங் வளைஞ்சிருக்கு. யூனிட் மாத்துன்னு சொன்னவங்க பேச்ச கேட்டிருந்தா வண்டி விலைல ஒரு நல்ல பங்கு போயிருக்கும். ரிங் மட்டும் மாத்தினேன், லைட் அணைஞ்சிடுச்சு. உங்களுக்கு ரிங் நேரா இருந்தா சென்சார் முனைல சேறு இருக்கா, ஒயர் எங்கயாவது நசுங்கிருக்கான்னு பாருங்க. டயர் சைஸ் மாத்திருந்தீங்கன்னா பழைய சைஸுக்கே போங்க, வீல் சுத்தளவு மாறினா அது போடுற கணக்கெல்லாம் தப்பாகும்.

கேள்வி: ட்ராக்ஷன் கன்ட்ரோல் இருக்குற வண்டி எடுத்தாச்சு, இனி மழைல பயம் இல்லல்ல? (சோழிங்கநல்லூர் வாசகர்)

பதில்: பின் வீல் முன் வீல விட வேகமா சுத்துதான்னு பாக்கும், சுத்தினா பவர குறைக்கும். முக்கியமா அது பாக்குறது அதத்தான். போன மழைக்கு ஒரு நண்பரோட வண்டிய ஓட்டிப் பாக்க வாங்கினேன், எல்லா கன்ட்ரோலும் உள்ள வண்டி. ரோட்ல தோண்டின இடத்துல இரும்புத் தகடு போட்டு மூடியிருந்தாங்க, மேல மழைத்தண்ணி, கொஞ்சம் களிமண். நான் பிரேக் புடிக்கல, முறுக்கல, தகட்டு மேல ஏறினப்புறம் ஹேண்டில லேசா திருப்பினேன், முன் டயர் பக்கவாட்டுல போயிடுச்சு. ட்ராக்ஷன் கன்ட்ரோல் லைட் ஒரு தடவைகூட மினுக்கல. அதோட பார்வைல தப்பே நடக்கல, ரெண்டு வீலும் ஒழுங்கா சுத்திக்கிட்டேதான் இருந்துச்சு, நான்தான் கீழ கிடந்தேன். தகடு வந்தா வண்டிய நிமித்தி நேரா கடந்துடுங்க, அப்புறம் திருப்புங்க.

கேள்வி: இவ்ளோ பேசுறீங்களே, நீங்க என்ன வண்டி ஓட்டுறீங்க சார்? (ராயப்பேட்டை)

பதில்: முன்னாடி மட்டும் ஏபிஎஸ் இருக்குற ஒரு பழைய 200 சிசி. ரிங் மட்டும் புதுசு.