ஹெல்சிங்கி - டோக்கியோ விமானம் வட துருவம் பக்கம் போனது ஏன்?

பதற வேண்டாம், உங்கள் தங்கை ஏறிய விமானம் வழி தவறவில்லை. கிழக்கே போக வேண்டியது நேர் வடக்கே ஏறி, நார்வேக்கு வடக்கே இருக்கும் ஸ்வால்பார்ட் தீவுகளைத் தாண்டியதும், விமானம் போகும் தடத்தைக் காட்டும் செயலியின் திரையிலிருந்து மறைந்து, வெகு நேரம் கழித்து அலாஸ்கா பக்கம் முளைத்தது என்கிறீர்கள். 2022 பிப்ரவரியில் ரஷ்யா தன் வான்வெளியை ஐரோப்பிய ஒன்றிய விமானங்களுக்கு மூடியதிலிருந்து இந்தத் தடத்தில் இதுதான் வழக்கம். சைபீரியா மேலே 9 மணி நேரச் சொச்சத்தில் முடிந்தது இப்போது 13 மணி நேரம் ஆகிறது. காற்றைப் பொறுத்துச் சில நாள் தெற்கே சுற்றி கஜகஸ்தான், சீனா வழியாகவும் போவார்கள். புதுசும் இல்லை, 1983-லேயே பின்லாந்தின் விமான நிறுவனமான ஃபின்னேர் டிசி-10 விமானத்தைத் துருவம் சுற்றி டோக்கியோவுக்கு நிற்காமல் ஓட்டியது.

சரி, ஏன் மறைந்தது? விமானம் அனுப்பும் சிக்னலைப் பெரும்பாலும் தரையில் இருக்கும் ரிசீவர்கள்தான் பிடிக்கின்றன, பனிக்கடல் நடுவே ரிசீவரை யார் வைப்பது? இடையில் நீங்கள் பார்த்த நேர்க்கோடு செயலி தானாகக் கணக்குப் போட்டு இழுத்தது. அப்புறம், செயலியின் அந்தத் தட்டை வரைபடத்தில் துருவப் புள்ளியே கிடையாது, அதனால்தான் முழுப் பாதையும் அப்படிக் கோணலாகத் தெரிகிறது. வீட்டில் பூகோள உருண்டை இருந்தால் ஹெல்சிங்கி, துருவம், அலாஸ்கா, டோக்கியோ என்று ஒரு நூலை ஓட்டிப் பாருங்கள்.